எந்தச் சரிவில் தங்குவது? ஏற்காட்டில் இரவு வானம் காண்போரின் தங்குமிடத் தேர்வு

இரவு வானத்தைப் பார்ப்பதற்காகவே ஓர் ஊருக்குச் செல்பவர் எங்கே தங்க வேண்டும் என்ற கேள்வி, துருவ ஒளியைத் தேடி வட நார்வேக்கும் ஐஸ்லாந்துக்கும் செல்வோரிடையே நெடுநாளாக அலசப்பட்டு, ஓரளவு உறுதியான விடைகளையும் பெற்றுவிட்டது. ஏற்காடு அமைந்துள்ள சேர்வராயன் மலையிலோ அது பெரும்பாலும் ‘அறையிலிருந்து வியூ எப்படி இருக்கும்’ என்ற விசாரிப்போடு முடிந்துவிடுகிறது. ஏற்காட்டுக் கடைவீதி, ஏரிக்கரை, லேடீஸ் சீட் சாலை, செம்மநத்தம் முதலிய மலையூர்களின் காபித் தோட்டங்கள் என்று தங்குவதற்கு வாய்ப்புள்ள இடங்கள் பலவாக இருந்தும், இவற்றுள் எது இரவு வானத்துக்கு உகந்தது என்பதைப் பகல்நேர அழகைக் கொண்டு முடிவு செய்யும் வழக்கமே மேலோங்கியிருக்கிறது. துருவ ஒளி காணச் செல்வோருக்கான அறிவுரைகளில் எவை இந்த மலைக்குப் பொருந்தும், எவை தலைகீழாக மாறும் என்பதை ஆராய்ந்தால், இங்கே கேட்க வேண்டிய சரியான கேள்விகள் தாமே புலப்படும்.

முதலில் ஓர் ஐயத்தைத் தீர்த்துவிடலாம். துருவ ஒளி என்பது, கதிரவனிலிருந்து வீசும் மின்னேற்றத் துகள்களின் ஓட்டத்தால் பூமியின் காந்தமண்டலம் கிளர்ச்சியுற்று, அதில் முடுக்கப்பட்ட எலெக்ட்ரான்கள் காந்தக் கோடுகளின் வழியே இறங்கி, உயர் வளிமண்டலத்தின் ஆக்சிஜன், நைட்ரஜன் அணுக்களோடும் மூலக்கூறுகளோடும் மோதுவதால் எழும் ஒளியாகும். தரையிலிருந்து 100 முதல் 150 கிலோமீட்டர் உயரத்தில் ஆக்சிஜன் பச்சையாகவும், 200 கிலோமீட்டருக்கு மேல் அதே ஆக்சிஜன் சிவப்பாகவும் ஒளிர்கின்றது. துகள்களை வழிநடத்தும் காந்தக் கோடுகள் துருவங்களைச் சுற்றிய வளையத்திலேயே தரையை நோக்கி இறங்குவதால், காட்சியும் அவ்வளையத்தின் கீழுள்ள நாடுகளுக்கே வழக்கமாகக் கிட்டுகிறது. தமிழ்நாட்டின் நிலையோ இதற்கு நேர் எதிர். காந்தக் கோடுகள் தரைக்கு இணையாகக் கிடக்கும் காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்முனையை ஒட்டிச் செல்கிறது. 1963 நவம்பரில் இந்தியாவிலிருந்து முதல் ஆய்வு ராக்கெட் ஏவப்பட்ட தும்பா, அக்கோட்டின் அருகே இருந்ததற்காகவே தேர்ந்தெடுக்கப்பட்டது. ஆகவே ஏற்காட்டில் துருவ ஒளியை எதிர்பார்த்து அறை எடுப்பதற்கில்லை. இந்தியாவே முற்றிலும் விலக்கானது என்று சொல்வதும் சரியாகாது. 1872 பிப்ரவரி 4-ஆம் நாள் எழுந்த பெரும் காந்தப் புயலின்போது பம்பாயில் துருவ ஒளி தென்பட்டதாகப் பதிவு உண்டு. 2024 மே 10, 11 இரவில் லடாக்கின் ஹன்லேயில் அடிவானம் சிவந்ததை இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் கேமராக்கள் பதிவு செய்தன. தொலைவில் உயரத்தில் எழும் சிவப்பு மட்டுமே அவ்வளவு தெற்கே எட்டும். பச்சை அடிவானத்துக்குக் கீழே மறைந்துவிடும்.

ஏற்காட்டுக்கு வருபவர் தேட வேண்டியது பால்வீதியும் தென்வான விண்மீன்களுமே. மலை ஏறத்தாழ 11.8 பாகை வட அகலாங்கில் இருப்பதால், வடக்கே துருவ விண்மீன் அடிவானத்திலிருந்து 12 பாகை உயரத்தில் நிற்க, தெற்கே அகத்திய விண்மீன் ஏறத்தாழ 25 பாகையும், தென்சிலுவை 18 பாகையும் உயர்ந்து செல்கின்றன. வட நார்வேயின் ட்ரோம்சோவில் வாழ்பவர் பிறந்த நாள் முதல் பார்த்திராத தென்வான விண்மீன்கள் இவை. 1980-களில் நார்வேயின் வடகோடியான ஃபின்மார்க்கின் மீன் பதனிடும் ஊர்களில் வேலைக்குச் சென்று குடியேறிய ஈழத்தமிழர், துருவ ஒளியைப் பெற்றபோது அகத்தியரை இழந்தனர் என்று சொல்லலாம்.

ட்ரோம்சோவின் நிலையைச் சற்று விரிவாகப் பார்ப்பது பயன்தரும். ஏறத்தாழ 78,000 பேர் வாழும் அந்நகரின் மையம் ஒரு தீவில் அமைந்திருக்கிறது. மேற்கே குவாலோயா என்ற பெரிய தீவு இருள் மிகுந்ததாகவும், கிழக்கே பாலத்தைக் கடந்தால் பெருநிலப்பகுதியாகவும் விரிகின்றன. இருளான குவாலோயாவில் தங்குவதா, நகரின் நடுவே தங்குவதா என்பதே அங்கே செல்வோரின் முதற்கேள்வி. இருளே வேண்டும் என்று எண்ணுபவர் முன்னதைத் தேர்ந்தெடுப்பார் என்றாலும், அனுபவம் மிக்கோர் பெரும்பாலும் நகரையே பரிந்துரைக்கின்றனர். அதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. துருவ ஒளி பிரகாசமானது. வலுவாக எழும்போது நிலவொளியோடு போட்டியிடும். தெருவிளக்குகளுக்கு நடுவிலும் கண்ணுக்குத் தெரியும். தீவின் நடுவிலுள்ள பிரெஸ்ட்வன்னெட் ஏரிக்கரைக்கோ, தென்முனையிலுள்ள கடற்கரைக்கோ நடந்து போனாலே போதும். இரண்டாவது காரணம் மேகம். வெப்பமான கடல் நீரோட்டத்தால் கரையோரத்தில் மேகம் அடிக்கடி கவிந்திருக்கும்போதும், மலைகளுக்கு அப்பால் உள்நாட்டில் வானம் தெளிந்திருக்கக்கூடும் என்பதால், வழிகாட்டிகள் ஒவ்வொரு மாலையும் வானிலைப் படங்களைப் பார்த்து, தேவையானால் 150 கிலோமீட்டருக்கும் மேல், ஃபின்லாந்து எல்லை வரையிலும்கூட, பயணிகளைப் பேருந்தில் அழைத்துச் செல்கின்றனர். இத்தகைய ஊர்திகள் புறப்படும் இடத்தருகே தங்குவதே, இருளின் நடுவே அசையாமல் தங்குவதைவிட வாய்ப்பை மிகுதிப்படுத்துகிறது. இதற்கு மாறாக ஸ்வீடனின் அபிஸ்கோவில், மலைகளின் மறைவில் வானம் அடிக்கடி தெளிந்திருப்பதால், தங்கிய இடத்திலேயே காத்திருப்பது நியாயமாகிறது. ‘வடக்கு நோக்கிய அறை வேண்டும்’ என்ற புகழ்பெற்ற அறிவுரையும் எல்லா ஊர்களுக்கும் பொதுவானதன்று. ஸ்காட்லாந்தில் அது சரி, ஆனால் ஒளிவளையம் தலைக்கு நேர் மேலே நிற்கும் ட்ரோம்சோவில் காட்சி எந்தத் திசையிலும் எழலாம்.

ஆக, அங்கே நிலவும் விதி ‘இருளில் தங்கு’ என்பதன்று, ‘தெளிந்த வானத்தை நோக்கி நகரக்கூடிய இடத்தில் தங்கு’ என்பதாகும். இவ்விதியை அப்படியே ஏற்காட்டுக்குக் கொண்டுவருவோர் ஏமாறுவர். பால்வீதி துருவ ஒளியைப் போல் பிரகாசமானதன்று. ஒரு தெருவிளக்கின் வெளிச்சமே அதைக் கரைத்துவிடும். வளர்பிறைப் பாதி நிலவே அதன் மெல்லிய கிளைகளை அழித்துவிடும். அத்துடன், இரவில் தெளிந்த வானத்தைத் தேடி ஊர்தியில் அலைவது இம்மலையில் அறிவுடைமையாகாது. சேலத்திலிருந்து ஏறும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. மூடுபனி இறங்கினால் எதிரே பத்தடி தெரியாது. தோட்டச் சாலைகளில் காட்டெருமை நடமாட்டம் உண்டு. நள்ளிரவில் பயணிகளை ஏற்றிக்கொண்டு மேகம் இல்லாத இடம் தேடிப் புறப்படும் வண்டி ஏதும் இங்கே இல்லை. ஆகையால் இந்த மலையில் தூங்கும் இடமும் பார்க்கும் இடமும் ஒன்றாகவே இருக்க வேண்டும். அறையிலிருந்து நூறடிக்குள் திறந்த வானம் கிடைக்கவில்லையானால், அந்த அறை எவ்வளவு வசதியானதாக இருந்தாலும் இந்த நோக்கத்துக்குப் பயன்படாது. இங்கே நகர்வுக்கான இடத்தைத் திசை பிடித்துக்கொள்கிறது.

திசை என்பது முதலாவதாகச் சேலத்தைக் குறித்தது. 2011 கணக்கெடுப்பின்படி 8 லட்சத்துக்கும் கூடுதலானோர் வாழும் அம்மாநகரம், ஏற்காட்டிலிருந்து நேர்க்கோட்டில் 15 கிலோமீட்டர் அளவிலேயே, தெற்குக்கும் தென்மேற்குக்கும் இடைப்பட்ட திசையில் அமைந்திருக்கிறது. ஒரு நகரின் விளக்குகளிலிருந்து மேல்நோக்கிச் செல்லும் வெளிச்சம் காற்றிலுள்ள தூசியிலும் ஈரத்திலும் சிதறி, அந்நகரின் மேல் கவிழ்த்த குடைபோல் ஒளிப்படலமாக நிற்கும். பல கிலோமீட்டர் தள்ளி நிற்பவருக்கும் அப்படலம் அடிவானத்திலிருந்து எழுந்து விண்மீன்களை விழுங்குவது தெரியும். பழைய சோடியம் விளக்குகளின் மஞ்சள் ஒளியைவிட, அவற்றுக்குப் பதிலாக வந்த வெள்ளை எல்.இ.டி. விளக்குகளின் நீலம் கலந்த ஒளி கூடுதலாகச் சிதறுவதால், மின்செலவு குறைந்த அளவுக்கு வானத்தின் இருளும் மீண்டுவிடவில்லை. லேடீஸ் சீட்டிலிருந்து இரவில் சேலத்தைப் பார்ப்பது ஏற்காட்டின் பெயர் பெற்ற இன்பங்களில் ஒன்று. அதை நோக்கிய அறைகளுக்கு மதிப்பும் மிகுதி. ஆனால் பள்ளத்தாக்கின் விளக்குகளை எந்த அறை மிக நன்றாகக் காட்டுகிறதோ, விண்மீன்களை அதே அறை மிக மோசமாகக் காட்டும். இரண்டையும் ஒரே பால்கனியில் பெற நினைப்பது வீண்.

இதைவிட நுட்பமான செய்தி ஒன்றுண்டு. இம்மலையின் சிறந்த பொருள்கள் எல்லாம், அதாவது அகத்தியரும் தென்சிலுவையும் பால்வீதியின் மையமும், தெற்கு வானத்திலேயே இருக்கின்றன. சேலத்தின் படலமும் ஏறத்தாழ அங்கேதான் எழுகிறது. இதனால் தெற்கைக் கைவிட்டுவிட வேண்டுமா என்றால், வேண்டியதில்லை. விண்மீன்கள் கிழக்கே எழுந்து, தெற்கைக் கடந்து, மேற்கே சாய்கின்றன. சேலம் நேர் தெற்கிலன்றி மேற்குப் பக்கமாக ஒதுங்கியிருப்பதால், உச்சியைத் தொடுவதற்கு முன்னுள்ள வேளையில், தென்கிழக்கில் நிற்கும்போதே அவற்றைப் பார்த்துவிடுவது நல்லது. எடுத்துக்காட்டாக மார்ச் நடுவில் தென்சிலுவை நள்ளிரவு கடந்து ஒரு மணியளவில் நேர் தெற்கில் நிற்கும். அதற்கு முந்தைய இரண்டு மணி நேரமே அதற்குரிய பொழுது. அதே மாதத்தில் பால்வீதியின் மையம் நள்ளிரவுக்குப் பின் தென்கிழக்கில் எழுந்து, விடியலுக்கு முன் நன்றாக ஏறியிருக்கும். ஆகவே கிழக்கும் தென்கிழக்கும் திறந்து, தென்மேற்கில் ஒரு மேடோ மரக்கூட்டமோ மறைத்து நிற்கும் இடமே ஏற்காட்டில் உகந்தது. தென்கிழக்கே வாழப்பாடியும் வடகிழக்கே அரூரும் உள்ளன எனினும், அவை சேலத்தோடு ஒப்பிடத்தக்க ஊர்கள் அல்ல. செம்மநத்தத்திலோ வேறு மலையூர்களிலோ அறை பார்ப்பவர், ‘சேலம் பக்கம் மேடு மறைக்குமா, கிழக்கே வானம் எவ்வளவு தூரம் இறங்கித் தெரியும்’ என்று கேட்டால், வீட்டுக்காரர் சற்று வியந்தாலும் விடை சரியாகவே சொல்வார். சூரியன் எங்கே உதிக்கிறது என்பது தோட்டக்காரருக்குத் தெரியாத செய்தியன்று.

தோட்டங்கள் என்று வரும்போது, பகலில் பார்ப்பவர் எண்ணாத ஒரு தடை எதிர்ப்படுகிறது. சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன் 1820-ஐ ஒட்டிக் கொண்டுவந்த காபி, இன்றும் இம்மலையின் முதன்மைப் பயிர். காபிச் செடிக்கு நிழல் வேண்டும் என்பதால் நெட்டையான சில்வர் ஓக் மரங்கள் அதற்கு மேல் நிற்கின்றன. அம்மரங்களில் மிளகுக்கொடி ஏறியிருக்கிறது. தோட்டத்தின் நடுவே கட்டப்பட்ட விடுதி, ஊர் விளக்குகளிலிருந்து எவ்வளவு விலகியிருந்தாலும், தலைக்கு மேலே இலைகளுக்கு இடையில் கிழிந்த துண்டு வானம் மட்டுமே தெரியக்கூடும். அடிவானத்தை ஒட்டிய தென்சிலுவையை அங்கிருந்து பார்க்க வாய்ப்பே இல்லை. ஆனால் தோட்டங்களில் மரமே இல்லாத ஒரு திடல் தவறாமல் உண்டு. பறித்த காபிப் பழங்களையும் கொட்டைகளையும் வெயிலில் உலர்த்துவதற்கான களம் அது. சிமெண்ட் பூசிச் சமமாக இருக்கும். வெயில் விழ வேண்டும் என்பதற்காகவே நாற்புறமும் மரங்கள் தள்ளி நிற்கும். பகல் வெயிலுக்காகத் திறக்கப்பட்ட இடம் இரவில் வானத்துக்கும் திறந்திருக்கிறது. முக்காலியை நிறுத்த ஆட்டமில்லாத தரையும், பாயை விரித்துப் படுக்கச் சமதளமும் வேறெங்கும் இப்படி வாய்ப்பதில்லை. காபி பறித்து உலர்த்தும் பருவமும் வானம் தெளியும் பருவமும் ஏறத்தாழ ஒன்றாக வருவதால், களத்தின் பெரும்பகுதியில் கொட்டை குவிந்து, பனிக்குத் தார்பாய் மூடப்பட்டிருக்கும் நாட்களும் உண்டு. மீதமுள்ள ஓரத்தைப் பயன்படுத்தத் தோட்டத்து மேற்பார்வையாளரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது முறை. தார்பாயை மிதித்துக்கொண்டு நடப்பவரை எந்தத் தோட்டத்திலும் மறுமுறை வரவேற்க மாட்டார்கள்.

இனி விடுதியின் சொந்த விளக்கு. சேலத்தின் படலம் அடிவானத்தைத்தான் கெடுக்கிறது. வாசலில் மாட்டிய ஒற்றை ஃபோகஸ் லைட் முழு வானத்தையும் கெடுத்துவிடுகிறது. காரணம் கண்ணில் இருக்கிறது. இருளுக்குப் பழகுவதற்கு விழித்திரையின் நுண்ணொளி உணரும் பகுதிக்கு 20 முதல் 30 நிமிடங்கள் தேவைப்படுகின்றன. ஒருமுறை வெள்ளை வெளிச்சம் கண்ணில் பட்டால் அந்தப் பழக்கம் நொடியில் அழிந்து, மீண்டும் முதலிலிருந்து காத்திருக்க வேண்டும். சிவப்பு வெளிச்சம் மட்டும் இதை அவ்வளவாகக் கலைப்பதில்லை என்பதால்தான் வானியலாளர் சிவப்புத்தாள் சுற்றிய டார்ச்சைப் பயன்படுத்துகின்றனர். விடுதிக்காரர் வெளிவிளக்கை விடிய விடிய எரிய விடுவது ஆடம்பரத்துக்காக அன்று. காட்டெருமை வந்து நின்றால் தெரிய வேண்டும், திருட்டுப் பயம் இருக்கக்கூடாது என்பதற்காக. ஆகவே ‘விளக்கை அணையுங்கள்’ என்று இரவு பதினொரு மணிக்குச் சண்டைக்கு நிற்பதைவிட, அறையை உறுதி செய்யும் முன்பே, ‘களத்துப் பக்க விளக்குக்குத் தனி ஸ்விட்ச் இருக்கிறதா’ என்று கேட்பது பயன்தரும். அறை வாடகை, உணவு, வெந்நீர் ஆகியவற்றைப் பற்றி ஆயிரம் கேள்வி கேட்போரும் இந்த ஒன்றைக் கேட்பதில்லை. வார இறுதியில் பக்கத்து விடுதியில் கேம்ப் ஃபயரும் பாட்டுப்பெட்டியும் வைத்தால் எந்த ஸ்விட்ச்சும் உதவாது. மின்தடை ஒன்றே துணை, அதுவும் இன்வெர்ட்டர் இல்லாத வீடுகளில் மட்டும்.

உயரமே எல்லாவற்றையும் தீர்க்கும், சேர்வராயன் கோயில் உச்சிக்கு எவ்வளவு அருகில் தங்கினால் அவ்வளவு நல்லது என்ற நம்பிக்கை பரவலானது. 1,600 மீட்டருக்கு மேல் எழும் அவ்வுச்சியிலிருந்து அடிவானம் விரிந்து தெரியும் என்பது உண்மையே. ஆனால் உயரம் எப்போதும் தெளிவாகாது என்பதற்குத் தமிழ்நாட்டின் வானியல் வரலாற்றிலேயே சான்று இருக்கிறது. 2,343 மீட்டர் உயரத்திலுள்ள கொடைக்கானல் கூர்நோக்ககத்தின் இயக்குநராக 1960-இல் பொறுப்பேற்ற வைணு பாப்பு, இரவு வானியலுக்காகப் புதிய இடம் தேடியபோது தேர்ந்தெடுத்தது, அதைவிட மிகத் தாழ்ந்த, 725 மீட்டர் உயரமே உள்ள ஜவ்வாது மலையின் காவலூரை. நகர விளக்குகளிலிருந்து விலகல், ஆண்டில் கிடைக்கும் தெளிந்த இரவுகள், வட தென் வானங்கள் இரண்டையும் காட்டும் அகலாங்கு ஆகியவற்றை எடைபோட்டு நிகழ்ந்த தேர்வு அது. 1972-இல் அங்கே ஒரு மீட்டர் தொலைநோக்கி அமைக்கப்பட்டது. 1986 ஜனவரியில் 2.3 மீட்டர் தொலைநோக்கி இயங்கத் தொடங்கி அவர் பெயரையே தாங்கியது. ஏற்காட்டிலிருந்து வடகிழக்கே நேர்க்கோட்டில் நூறு கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான தொலைவில் இருக்கும் காவலூரில் கேட்கப்பட்ட கேள்விகளே, ஓரிரவு விடுதி தேடுபவரும் சிறிய அளவில் கேட்க வேண்டியவை. மேகமே மலையுச்சியைத் தேடி வரும் ஐப்பசி இரவுகளில், உச்சியில் தங்கியவர் வெண்பஞ்சின் உள்ளே அமர்ந்திருப்பார். சற்றுக் கீழே கிழக்குச் சரிவில் தங்கியவருக்கு வானம் ஓரிடத்திலாவது திறக்கக்கூடும்.

ஏற்காடு தென்மேற்குப் பருவமழையையும் வடகிழக்குப் பருவமழையையும் பெறுவதால், ஜூன் முதல் நவம்பர் வரை வானத்தை நம்பி வருவது சூதாட்டமே. தோட்டத்துப் புல்லில் அட்டையும் ஏறும். மே மாதக் கோடை விழா நாட்களில் கூட்டமும் விளக்குகளும் மாலை இடிமழையும் சேர்ந்துகொள்கின்றன. எஞ்சுவது டிசம்பர் இறுதி தொடங்கி ஏப்ரல் நடு வரையிலான காலம். குளிர்காலத்தில் ஏரியை ஒட்டிய பள்ளத்தில் குளிர்ந்த காற்று இறங்கித் தேங்குவதால், மூடுபனியும் அங்கேதான் முதலில் கட்டுகிறது. ஏரிக்கரை விடுதிகள் படகுச் சவாரிக்கு உகந்தவை, விண்மீனுக்கு அல்ல. சரிவின் நடுப்பகுதியில் தங்குபவருக்கு, பள்ளத்தின் பனி கீழேயும் உச்சியின் மேகம் மேலேயும் நின்றுவிடும் இரவுகள் கூடுதலாக வாய்க்கும். கேமராக் கண்ணாடியில் பனித்துளி படியும் சிக்கல் மட்டும் எங்கும் பொது. உலர்ந்த துணி ஒன்றைக் கையோடு வைத்திருப்பது நல்லது.

இரவு வானத்தை முன்வைத்து ஒரு வட்டாரம் முழுவதுமே சிந்தித்ததற்கு லடாக்கின் ஹன்லே எடுத்துக்காட்டாகிறது. 2022 டிசம்பரில் அங்குள்ள கூர்நோக்ககத்தைச் சுற்றிய ஏறத்தாழ 1,073 சதுர கிலோமீட்டர் நிலப்பரப்பு இருள்வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அங்குள்ள சிற்றூர்களில் சன்னல்களுக்குத் தடித்த திரை, வெளிவிளக்குகளுக்கு மூடி, ஊர்திகளின் முகப்பு வெளிச்சத்துக்குக் கட்டுப்பாடு ஆகியவை நடைமுறைக்கு வந்ததோடு, ஊர்மக்களுள் சிலருக்குத் தொலைநோக்கிகள் அளித்து வருவோருக்கு வானம் காட்டவும் பயிற்சி தரப்பட்டது. அங்கே தங்குமிடத் தேர்வு என்ற சிக்கலே பெரும்பாலும் மறைந்துவிடுகிறது. எந்த வீட்டில் தங்கினாலும் இருள் ஒன்றே. சேலத்தைக் காலடியில் வைத்திருக்கும் சேர்வராயன் மலை ஹன்லே ஆகிவிடாது. எனினும் ஊராட்சித் தெருவிளக்குகளுக்கு மேல்மூடி இடுவதற்கும், விடுதிகள் நள்ளிரவுக்குப் பின் வெளிவிளக்கைக் குறைப்பதற்கும் ஹன்லேயின் நான்காயிரத்து ஐந்நூறு மீட்டர் உயரம் தேவையில்லை.

நாள் குறிப்பதில், நாட்காட்டியில் முதலில் பார்க்க வேண்டியது அமாவாசையை. அதற்கு முந்தைய நான்கைந்து இரவுகளில் தேய்பிறை நிலவு விடியலை ஒட்டியே எழும். பிந்தைய நான்கைந்து இரவுகளில் வளர்பிறை முன்னிரவிலேயே மறைந்துவிடும். பால்வீதியின் மையத்தைப் பின்னிரவில் தேடும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் இரண்டாவது பகுதியே சிறந்தது. அகத்தியரையும் மிருகசீரிடத்தையும் முன்னிரவில் பார்த்துவிட்டுத் தூங்க விரும்புவோருக்கு ஜனவரியில் முதற்பகுதி ஏற்றது. ஓரிரவு மட்டும் தங்குவோர் மேகத்தின் கையில் அனைத்தையும் ஒப்படைக்கின்றனர்; மூன்று இரவுகள் தங்கினால் ஒன்றாவது தெளியும் வாய்ப்பு நியாயமானது. அமாவாசை எந்தக் கிழமையில் வருகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். அது செவ்வாய், புதனில் அமைந்தால் விடுதிகளில் கூட்டமும் வாடகையும் குறைந்திருக்கும். வெளிவிளக்கை அணைக்கச் சொன்னால் மறுப்பதற்கு வேறு விருந்தினரும் இருக்க மாட்டார்கள்.